திகதி குறிக்கப்படாத அழைப்பு
ஆங்கில நட்புத் தொடர்களும் நமது தனிமையும்

ஒரு மொழியின் இலக்கணத்தை வகுப்பறையில் கற்றுவிடலாம். சொற்களின் பொருளை அகராதியில் தேடிப் பெறலாம். ஆனால், அம்மொழியைப் பேசும் மக்கள் ஒருவரையொருவர் எப்படி நெருங்குகின்றனர், எப்படி விலகுகின்றனர் என்பதை இலக்கண நூல்கள் எடுத்துரைப்பதில்லை. அது அவர்களின் மரபுத்தொடர்களுக்குள் மறைந்து கிடக்கின்றது.

ஆங்கிலம் நமக்குப் புதிய மொழியன்று. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கப்பட்ட காலந்தொட்டு யாழ்ப்பாணத்தவர் அம்மொழியைக் கற்றனர். அதைக் கொண்டே உத்தியோகம் பார்த்தனர். மலாயாவரை சென்று பிழைத்தனர். ஷேக்ஸ்பியரைப் படித்துத் தேறியவர்கள் நம்மிடையே பலர். எனினும், பிரித்தானியாவில் குடியேறிய பின்னர், பக்கத்து வீட்டவர் வேலிக்கு மேலால் சொல்லும் ஒரு சிறு வாக்கியத்தின் உட்பொருளை அறியாது தடுமாறுகின்றோம். தடுமாற்றம் நீடிக்கும்போது, ‘வெள்ளையருக்கு நட்பென்றால் என்னவென்று தெரியாது’ என்று தீர்ப்பும் வழங்கிவிடுகின்றோம். அத்தீர்ப்பினால் இழப்பவர்கள் அவர்கள் மட்டுமல்லர். ஆகவே, ஆங்கிலத்தின் நட்புத் தொடர்கள் சிலவற்றை இங்கு எடுத்து நோக்குவது பயனுடையதாகும்.

குளிர்நாட்டின் சொற்கள்

இத்தொடர்களை ஒருங்கே வைத்துப் பார்ப்பவருக்கு முதலிற் தென்படுவது காலநிலையே. அறிமுகமற்ற இருவரிடையே பேச்சைத் தொடக்கிவைத்தல் ‘பிறேக்கிங் த ஐஸ்’, அதாவது பனிக்கட்டியை உடைத்தல். அன்பான வரவேற்பு ‘வோர்ம் வெல்கம்’, வெதுவெதுப்பான வரவேற்பு. வேண்டுமென்றே முகங்கொடாது விடுதல் ‘கோல்ட் ஷோல்டர்’, குளிர்ந்த தோளைக் காட்டுதல். நாம் நன்றாயிருக்கும்போது மட்டும் கூட இருப்பவர் ‘ஃபெயார் வெதர் ஃபிரெண்ட்’, நல்ல வானிலைக்கு மட்டுமான நண்பர்.

பனிக்கட்டியை உடைத்தல் என்னும் தொடர், உறைந்த நீர்ப்பரப்பில் ஓடங்களுக்கு வழி திறக்கும் தொழிலிலிருந்து வந்தது. ஒல்லாந்து தேசத்து அறிஞர் இராஸ்மஸ் தொகுத்த இலத்தீன் பழமொழித் திரட்டிலேயே இதன் மூலவடிவம் உண்டு. ஷேக்ஸ்பியரும் ‘த ரேமிங் ஒஃப் த ஷ்ரூ’ நாடகத்தில் இதனைக் கையாண்டுள்ளார். தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் மக்கள் கடை பரப்பிச் சந்தை கூடிய காலங்களும் இருந்தன. இலண்டனில் அத்தகைய பனிச்சந்தை கடைசியாகக் கூடியது 1814இல். ‘கோல்ட் ஷோல்டர்’ சேர் வால்டர் ஸ்கொட்டின் எழுத்துகள் வாயிலாகவே பரவலாயிற்று. 1816இல் வெளிவந்த ‘த அன்ரிகுவரி’ என்னும் நாவலில் அதனைக் காணலாம். விரும்பாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத் தோளிறைச்சியைப் பரிமாறிய வழக்கிலிருந்து இது பிறந்தது எனப் பலரும் கூறுவர். அக்கதைக்கு ஆதாரமில்லை, முகத்தைத் திருப்பித் தோளைக் காட்டும் செய்கையே இதன் பொருள்.

தமிழோ வெயில்நாட்டு மொழி. நமக்கு இனியது தண்மை. விரும்பியவரைக் ‘கண்குளிர’க் காண்கின்றோம், நல்ல செய்தி கேட்டு ‘மனம் குளிர்’கின்றது, அருளைத் ‘தண்ணளி’ என்கின்றோம். பொறாமையோ ‘வயிற்றெரிச்சல்’, சினமோ ‘கொதிப்பு’. அவர்கள் அடுப்பண்டை தேடும் அன்பை நாம் மரநிழலிற் தேடினோம். இவ்விரு மக்களும் வேண்டுவது ஒன்றே. உவமைகள்தாம் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன.

இவ்வேறுபாடு சில வேளைகளில் நெஞ்சைச் சுடவும் செய்கின்றது. சந்தித்த சிறு பொழுதிலேயே இருவர் மிக நெருங்கிவிட்டால், அவர்கள் ‘லைக் எ ஹவுஸ் ஒன் ஃபயர்’ பழகுகின்றனர் என்பது ஆங்கில வழக்கு. தீப்பற்றிய வீட்டில் நெருப்பு எவ்வளவு விரைந்து பரவுமோ அவ்வளவு விரைவில் நட்பு பரவிற்று என்பது கருத்து. 1983 ஜூலையில் தம் வீடு எரிவதைத் தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு இத்தொடர் நட்பை நினைவூட்டுவதில்லை. அதனைச் சொல்பவர் அந்நினைவை அறியார்; அவர்மீது குற்றமில்லை. ஆயினும், ஒரு மொழியின் உவமைகள் அதைப் பேசுவோர் பட்டறிந்த வாழ்விலிருந்தே வருகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வானிலை உவமையில் மட்டும் நிற்பதன்று. அது உரையாடலின் வாயிலுமாகும். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் ஆங்கிலேயர் ‘இன்று நல்ல வெயில், இல்லையா?’ என்று கேட்பது வெயிலைப் பற்றி அறிவதற்காக அன்று; நம்மோடு பேச விரும்புகிறார் என்பதற்காக. அதற்கு ஆமென்பதே முறை. மறுத்து வாதிடுவது கைகுலுக்க நீட்டிய கையைத் தட்டுவதற்கு ஒப்பாகும். இதனை நகைச்சுவையோடு உலகறியச் செய்தவர் நம்மைப்போல் வெளியிலிருந்து வந்த ஒரு பத்திரிகையாளரே. ஹங்கேரியரான ஜோர்ஜ் மிக்கேஷ் 1938இல் செய்தியாளராக இலண்டன் வந்து அங்கேயே தங்கியவர். ‘ஹவ் ரு பீ அன் ஏலியன்’ என்னும் அவரது நூல் 1946இல் வெளிவந்தது. ‘ஏலியன்’ என்பது அந்நியரைக் குறிக்கும் சட்டச் சொல் என்பதை நம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

‘ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள்’

நம்மவரை அதிகம் ஏமாற்றிய தொடர் ஒன்று உண்டென்றால், அது ‘யூ மஸ்ற் கம் ரவுண்ட் ஸம்ரைம்’ என்பதே. ‘நீங்கள் ஒருநாள் கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்’ என்று அதனை நாம் மொழிபெயர்த்துக் கொள்கின்றோம். சொல்லுக்குச் சொல் அது சரியே; பொருளில் அது பிழை.

நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் ஊரில் ஆசிரியராயிருந்தவர். இங்கு வந்து ஒரு பண்டகசாலையிற் பணியாற்றினார். ஒரு நத்தார் காலத்தில், அருகில் நின்று வேலைசெய்த ஆங்கிலேயர் அவரிடம் இவ்வாக்கியத்தைச் சொன்னார். அன்பர் வீடு திரும்பித் துணைவியாரிடம் தெரிவித்தார். என்ன பலகாரம் செய்து கொண்டுபோவது, எந்தச் சேலை உடுத்துவது என்பனவெல்லாம் பேசப்பட்டன. தை பிறந்தது; மாசியும் கழிந்தது; அழைப்பு வரவில்லை. தமது நிறத்தை எண்ணி அவர் மனைவி மறுத்துவிட்டார் போலும் என அன்பர் முடிவு செய்தார். அன்றுமுதல் அம்மனிதரோடு வேலை நிமித்தமன்றி ஒரு சொல்லும் பேசாது விட்டார். சில ஆண்டுகளின் பின், ஓய்வு பெறும் வேளையில் அந்த ஆங்கிலேயர் மற்றொரு தமிழரிடம் கேட்ட கேள்வி இது: ‘அவர் மனம் நோக நான் என்ன செய்தேன்?’ பதில் சொல்ல எவருமில்லை. நட்பாகியிருக்கக்கூடிய ஓர் உறவு, ஒரு வாக்கியத்தின் இடுக்கில் அகப்பட்டு மடிந்தது.

அவ்வாக்கியம் பொய்யன்று. ‘உங்களை எனக்குப் பிடித்திருக்கின்றது, அழைக்கத்தக்கவராகக் கருதுகிறேன்’ என்பதே அதன் பொருள். அது அழைப்பாக மாறுவது திகதி குறிக்கப்படும்போதுதான். நாட்குறிப்பு கையில் எடுக்கப்பட்டு, ‘அடுத்த சனிக்கிழமை ஏழு மணி சரியா?’ என்று கேட்கப்பட்டால் அது விருந்து. அதுவரை அது முகமன். ‘லெற்ஸ் கீப் இன் ரச்’, தொடர்பில் இருப்போம் என்பதும், ‘வீ ஷுட் ஹாவ் லஞ்ச்’, ஒருநாள் சேர்ந்து உண்போம் என்பதும் இவ்வகையினவே. ‘ட்றொப் இன் எனி ரைம்’, எப்போதும் வாருங்கள் என்பதை நம்பி முன்னறிவித்தலின்றிப் படியேறுபவர், பெரும்பாலும் கதவைப் பாதி திறந்து நிற்கும் ஒரு வியப்புற்ற முகத்தையே காண்பார்.

இதனைப் பாசாங்கு என்று இகழ்வதற்கு முன் நமது வழக்கையும் எண்ணிப்பார்த்தல் நன்று. ‘சாப்பிட்டீங்களோ?’ என்று தெருவிற் கேட்கும் நாம், இல்லை என்றவரையெல்லாம் அழைத்துச் சென்று இலை போடுகின்றோமா? ‘எங்கை போறியள்?’ என்று கேட்பவர் நமது பயண விபரத்தை வேண்டி நிற்கின்றாரா? திரும்பி வரும் எண்ணமே இல்லாதபோதும் ‘போயிட்டு வாறன்’ என்றுதானே விடைபெறுகின்றோம்! 

இத்தகைய முகமன் எதிர்த்திசையிலும் இடர் விளைத்ததுண்டு. ஈ. எம். ஃபோஸ்ரரின் ‘எ பசேஜ் ரு இந்தியா’ என்னும் நாவல் 1924இல் வெளிவந்தது. அதில், இந்தியரையும் ஆங்கிலேயரையும் ஒன்றுகூட்டக் கலெக்டர் ஒரு விருந்து நடத்துகிறார். அதன் பெயர் ‘பிறிட்ஜ் பார்ட்டி’. சீட்டாட்டமன்று, இரு கரைகளை இணைக்கும் பாலம் என்பது அங்கே பொருள். அங்கு சந்தித்த ஓர் இந்தியத் தம்பதியர், வியாழக்கிழமை வண்டி அனுப்புவதாக இரு ஆங்கிலப் பெண்மணிகளுக்கு வாக்களிக்கின்றனர். பெண்மணிகள் காத்திருக்கின்றனர், வண்டி வரவில்லை. அவர்களைத் தேற்றும் டொக்டர் அசீஸ் தம் வீட்டுக்கு வருமாறு வாய்வார்த்தையாக அழைக்கிறார். அவர்கள் அதை மெய்யென ஏற்றதும், தமது சிறிய வீட்டை எண்ணித் திகைத்து, மராபார் குகைகளுக்குப் போகலாம் என்று பேச்சை மாற்றுகிறார். அதுவும் மறக்கப்பட்டிருக்கும் என அவர் எண்ணியிருக்க, பெண்மணிகள் மனம் நொந்திருப்பதாகச் செய்தி எட்டுகின்றது. வேறு வழியின்றி அப்பயணத்தை ஏற்பாடு செய்கிறார். அது நீதிமன்றத்தில் முடிகின்றது. அந்நாவலை நாம் பல்கலைக்கழகத்தில் மாணவர்க்குக் கற்பித்த காலத்தில், ஏகாதிபத்தியம் பற்றியே அதிகம் பேசினோம். ஒரு வாய்வார்த்தையை எழுத்துப்படி ஏற்றதிலிருந்து அத்துணைத் துன்பமும் தொடங்கிற்று என்பதும் எண்ணத்தக்கதே.

அழைப்பு மெய்யாகவே கிடைத்துவிட்டால், அதற்கும் ஒரு தொடர் எல்லை வகுத்திருக்கின்றது: ‘ஓவர்ஸ்ரேயிங் வன்ஸ் வெல்கம்’, வரவேற்புத் தீர்ந்த பின்னும் தங்கிவிடுதல். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் முன்னோரும் சொல்லிவைத்தனர். ஆனால், நம்மவரிற் பலர் அச்சொல்லை விருந்து மேசையிற் கேட்கும் முன்னரே குடிவரவு அலுவலகத்தின் கடிதத்திற் கண்டவர்கள். விசா முடிந்தும் தங்கியவரை ‘ஓவர்ஸ்ரேயர்’ என்றே அதிகாரிகள் அழைக்கின்றனர். அச்சொல்லின் நிழல் விழுந்த மனம், எவர் வீட்டு வாயிலிலும் தயங்கி நிற்பதில் வியப்பென்ன?

கோட்டையும் கொவென்ற்றியும்

‘அன் இங்கிலிஷ்மன்ஸ் ஹோம் இஸ் ஹிஸ் காஸில்’, ஆங்கிலேயனின் வீடு அவனுடைய கோட்டை என்னும் முதுமொழியை, அயலவரை அண்டவிடாத குணத்துக்குச் சான்றாகக் காட்டுவர். அதன் வரலாறு வேறு. 1604ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்கிலே எழுந்த சட்டக் கருத்து அது. சேர் எட்வேர்ட் கோக் அதனைத் தமது வழக்கறிக்கைகளிற் பதிவுசெய்தார். மன்னரின் அலுவலர்கூட, வந்த காரணத்தைச் சொல்லிக் கதவைத் திறக்குமாறு கேட்ட பின்னரே உட்புக முயலலாம் என்பது அதிற் கூறப்பட்ட நெறி. அக்கோட்டையின் மதில் அயலவருக்கு எதிராக அன்று, அதிகாரத்துக்கு எதிராகவே எழுப்பப்பட்டது. நள்ளிரவுச் சுற்றிவளைப்பில், காரணம் சொல்லப்படாமல் கதவு உதைத்துத் திறக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்கள், இம்முதுமொழியைக் கேட்டுச் சினப்பதைவிடப் பெருமூச்சு விடுவதே இயல்பு.

மூடிய கதவினும் கொடியது மூடிய வாய். ஒருவரோடு எவரும் பேசாது ஒதுக்கிவைப்பதை ‘சென்ட் ரு கொவென்ற்றி’, கொவென்ற்றி நகருக்கு அனுப்பிவிடுதல் என்பர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் பேர்மிங்காம் மக்கள் மன்னர் சார்பினரைப் பிடித்துக் கொவென்ற்றிக்கு அனுப்பியதாகக் கிளாரண்டன் பிரபு எழுதியுள்ளார். தொடரின் தோற்றம் அதுவே எனச் சிலர் கூறுவர், அறுதியிட்டு நிறுவப்படவில்லை. தொழிற்சாலைகளில், வேலைநிறுத்தத்திற் சேராதவர்களுக்கு உடன் தொழிலாளர் வழங்கிய தண்டனை இது. 1960இல் வெளிவந்த ‘தி அங்கிறி சைலன்ஸ்’ என்னும் திரைப்படம் அதன் கொடுமையைக் காட்டிற்று. ஆனால், ஒதுக்குதலுக்குப் பெயர் கொடுத்த அந்நகரமே 1940 நவம்பர் 14 இரவு ஜேர்மனியக் குண்டுவீச்சில் அழிந்து, பின்னர் நட்புக்குக் கைநீட்டியது. 1944இல் ஸ்ராலின்கிராட் நகருடனும், 1959இல் ஜேர்மனியின் டிறெஸ்டன் நகருடனும் உறவு பூண்டது. இடிந்த தேவாலயத்தை இடிந்தபடியே விட்டு, அதனருகில் எழுப்பிய புதிய தேவாலயம் 1962இல் அர்ப்பணிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்லவேண்டும். நாம் உணரும் குளிரெல்லாம் பண்பாட்டுக் குளிரன்று. நிறவெறி என்பது உண்டு. அதற்கு எந்த மரபுத்தொடரும் சமாதானமாகாது. ஆனால், வெறுப்பையும் கூச்சத்தையும் வேறுபிரித்தறியக் கற்றவருக்கே, உண்மையான வெறுப்பை அதன் பெயர் சொல்லி எதிர்க்கும் வலிமையும் வாய்க்கும்.

கொடுக்கல் வாங்கல்

வேலை முடிந்து உடன் பணியாற்றுவோர் மதுச்சாலைக்கு அழைக்கும்போது நம்மவரிற் பலர் ஒதுங்கிக்கொள்கின்றனர். மது அருந்தாமை அதற்குத் தடையன்று; தோடம்பழச் சாறு அருந்தினாலும் எவரும் குறைகூறார். அங்கு அறியவேண்டிய சொல் ‘ரவுண்ட்’. ஒருவர் அனைவருக்கும் வாங்குகிறார். அடுத்த முறை மற்றொருவர். ‘இற்ஸ் மை ரவுண்ட்’, இது என் முறை என்று தாமே முன்வருவதில்தான் மதிப்பு இருக்கின்றது. நம்மவருக்கு இதனை விளக்க ஒரு சொல் போதும்: சீட்டு. தன் முறைக்கு எடுத்துவிட்டுப் பிறர் முறைக்குக் கட்டாது நழுவியவரைப் பற்றி நாம் என்ன நினைப்போமோ, அதையே அவர்கள் தம் முறையைத் தட்டிக்கழிப்பவரைப் பற்றி நினைக்கின்றனர்.

அவரவர் பங்கை அவரவர் செலுத்துதல் ‘கோயிங் டச்’. ஒல்லாந்தரின் பெயர் இதிற் சேர்ந்தமைக்குப் பகைமையும் ஒரு காரணம் என்பர். பதினேழாம் நூற்றாண்டில் 1652 தொடக்கம் 1674 வரை இரு நாடுகளும் மூன்று முறை கடற்போர் புரிந்தன. அக்காலந்தொட்டு ஒல்லாந்தரை இகழும் தொடர்கள் ஆங்கிலத்திற் பெருகின. 1658 முதல் ஒல்லாந்தரும், 1795 முதல் ஆங்கிலேயரும் என இரு சாராராலும் ஆளப்பட்ட யாழ்ப்பாணத்தவர் இப்பிணக்கைப் புன்னகையோடு பார்க்கலாம். உணவகத்தில் பற்றுச்சீட்டுக்காக ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுப்பது நமக்கு அன்பின் அடையாளம். அவர்களுக்கோ, எவரும் எவருக்கும் கடன்படாமல் எழுந்து செல்வதும் ஒருவகை மரியாதை.

கதவின் மறுபுறம்

மூடிய கதவுக்கு வெளியே நின்று நாம் குளிர்கின்றோம் என்று எண்ணுகின்றோம். உள்ளேயும் குளிர்தான். கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ கொக்ஸின் பெயரால் அமைந்த ஆணைக்குழு 2017இல் தனிமை பற்றி ஆராய்ந்தது. அதனைத் தொடர்ந்து 2018 ஜனவரியில் பிரதமர் தெரேசா மே, தனிமையைப் போக்கும் பொறுப்பை ஓர் அமைச்சரிடம் ஒப்படைத்தார். வேளாண்மைக்கும் போருக்கும் அமைச்சர் இருப்பதை அறிந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், ‘கீப்பிங் வன்செல்ஃப் ரு வன்செல்ஃப்’, தன்பாட்டில் இருத்தல் என்பதை நற்பண்பாகப் போற்றிய ஒரு சமூகம், அதற்குக் கொடுத்த விலையைத் தானே ஒப்புக்கொண்டது என்பதே அதன் பொருள்.

அச்சமூகமே மற்றொரு சொல்லையும் ஆக்கிவைத்துள்ளது. நண்பன் என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த வினை அது: ‘பிஃப்ரெண்ட்’, ஒருவருக்கு நண்பராதல். 1953இல் இலண்டனில் சாட் வரா என்னும் மதகுரு தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு, துயருற்றோரோடு பேசும் தொண்டர்களின் பணியை இச்சொல்லாலேயே குறித்தது. இலங்கையில் 1974இல் தோன்றிய சுமித்ரயோ அதே வழியில் வந்தது. அச்சிங்களச் சொல்லுக்கும் நல்ல நண்பர்கள் என்பதே பொருள். குடிவரவுத் தடுப்பு நிலையங்களில் உள்ளோரை வாரந்தோறும் சென்று பார்க்கும் தொண்டர்களும் இப்பெயருக்கு உரியவர்களே. நேரம் குறித்து வந்து, நேரம் முடிய எழுந்து செல்லும் நட்பு நமக்கு அந்நியமாகத் தோன்றும். ஆனால், உறவினர் எவரும் அணுக முடியாத இடத்தில் அவ்வொரு மணி நேரத்தால் உயிர் தாங்கியவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். ‘எ ஃபிரெண்ட் இன் நீட்’, இடுக்கணில் உதவுபவனே நண்பன் என்னும் பழமொழியை அவர்கள் அகராதியிற் கற்கவில்லை.

நம் முதியோர் இன்று இரட்டைத் தனிமையில் இருக்கின்றனர். பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், பகல் முழுதும் சன்னலருகில் அமர்ந்திருக்கின்றனர். பக்கத்து வீட்டுச் சன்னலில், அதே பகலில், ஓர் ஆங்கில மூதாட்டியும் அமர்ந்திருக்கக்கூடும். அவருக்கு நம்மவர் அந்நியர் என்ற தயக்கம். நம்மவருக்கு ஆங்கிலம் போதாது என்ற தயக்கம். இருவருக்குமிடையே ஒரு சுவர். அச்சுவரைத் தாண்ட இலக்கணம் தேவையில்லை. இன்று வெயில் நன்றாயிருக்கின்றது என்று சொல்ல நான்கு சொற்கள் போதும்.

ஆகவே, அடுத்த முறை எவரேனும் ‘ஒருநாள் கட்டாயம் வாருங்கள்’ என்று சொன்னால், அதைப் பொய்யென்று தள்ளவும் வேண்டாம். மெய்யென்று எண்ணிப் பலகாரம் சுடவும் வேண்டாம். மகிழ்ச்சி என்று சொல்லி ஏற்றுக்கொள்வோம். பின்னர், அவர்கள் குறிக்காத திகதியை நாமே குறிப்போம்: ‘வருகிற ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் தேநீர் அருந்த வரமுடியுமா?’ நாளும் நேரமும் சொல்லி அழைத்தால் அது மெய்யான அழைப்பென்று அவர்களுக்கு விளங்கும். அவர்கள் குறித்த நேரத்துக்கு வருவார்கள். வடையை அதற்குள் சுட்டு வைத்துவிட வேண்டும்.